நம்ம ஊர் எந்தக் கட்சி ஊர்? பூத் கணக்கு பார்க்கும் முறை

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் எல்லாக் கட்சிக்காரர்களும் வாக்காளர் பட்டியலை நகலெடுக்க வருவார்கள். ஒரே ஊரைப் பற்றி ஆளுக்கு ஆள் "அது நம்ம கோட்டைங்க" என்பார்கள். ஊர் உண்மையில் எப்படி ஓட்டுப் போடுகிறது என்று தெரிய வேண்டுமானால் கணக்கை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வேண்டியது படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதி வாரியாகவே பிரித்திருப்பார்கள். கூடவே வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தெந்தத் தெரு என்று அதில்தான் தெரியும். பூத் எண்ணை மட்டும் நம்பி இரண்டு தேர்தலை ஒப்பிடாதீர்கள். வாக்காளர் கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணெல்லாம் நகர்ந்துவிடும். தெருப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். அப்புறம் எல்லாவற்றையும் சதவீதமாக மாற்றுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். தருமபுரியில் கட்சி ஓட்டைக் கூட்டணியோடு சேர்த்துத்தான் படிக்க முடியும். பா.ம.க. 2014இல் பா.ஜ.க. அணியில் நின்று மக்களவைத் தொகுதியை வென்றது. 2016இல் தனித்து நின்றது. 2019லும் 2021லும் அ.தி.மு.க.வோடு. 2024இல் மறுபடியும் பா.ஜ.க. அணி, அ.தி.மு.க. தனியாக வேட்பாளர் நிறுத்தியது. ஆக, மாம்பழத்துக்கு 2019இல் விழுந்த ஓட்டையும் 2024இல் விழுந்த ஓட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று சொன்னால் அது தப்பான கணக்கு.

நம் மாவட்டத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே வாக்காளர், ஒரே நாள், ஒரே பள்ளிக்கூடம், இரண்டு இயந்திரம். மக்களவையில் தி.மு.க.வின் செந்தில்குமார், பா.ம.க.வின் அன்புமணியைத் தோற்கடித்தார். ஆனால் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளையும் பிடித்தது அ.தி.மு.க.

அந்த இரண்டு படிவங்களையும் எடுத்து, பூத் பூத்தாக, இடைத்தேர்தலில் இரட்டை இலை வாங்கிய சதவீதத்திலிருந்து மக்களவையில் மாம்பழம் வாங்கியதைக் கழியுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் அங்கே கூட்டணி ஒட்டியிருக்கலாம். அதிகமாக இருந்தால், இலைக்குப் போட்ட கை கூட்டணிச் சின்னத்துக்குப் போகாமல் வேறெங்கோ போயிருக்கிறது. எங்கே போனது என்று சூரியனிலும் தினகரனின் அ.ம.மு.க.விலும் தேடுங்கள். ஒரு தெருவையே ஒரு கட்சிக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. நம் ஜனம் யோசித்துத்தான் போடுகிறது. சாதி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் என்றால் ஒரே பூத்தில் இரண்டு இயந்திரமும் இப்படி வேறு வேறாகப் பேசியிருக்காது.

ஊராட்சித் தலைவர் தேர்தலை இதில் கலக்காதீர்கள். அதற்குக் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே பங்காளியும் சம்பந்தியும்தான் பேசுவார்கள். ஒன்றியக் கவுன்சிலர், பேரூராட்சி வார்டு ஆகியவற்றுக்குச் சின்னம் உண்டு, அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

வாக்குப்பதிவு சதவீதத்தையும் பாருங்கள். 2024இல் தமிழ்நாட்டிலேயே அதிகம் பதிவானது தருமபுரி மக்களவைத் தொகுதியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிற பிள்ளைகள் ஓட்டுப் போட பஸ் பிடித்து வருகிற ஊர் இது. ஒரு பூத்தில் மட்டும் பதிவு குறைந்திருந்தால் அந்தத் தெருவில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள்.

விசாரிக்கப் போகும்போது "யாருக்கு ஓட்டுப் போட்டீங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது அவர்களுடைய ரகசியம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, நூறு நாள் வேலைக்குக் கூலி ஏறிவிட்டதா, ரேஷன் கடை எவ்வளவு தூரம், ஓட்டுக் கேட்டு யார் யார் வந்தார்கள், யார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு ஆண்கள் சொல்வதை வைத்து ஐந்து ஓட்டையும் ஒரே பக்கம் எழுதுவது சரியில்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சில நூறு பேர் மட்டும் போடுகிற பூத்தில், எந்தத் தெரு யாருக்குப் போடவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். எங்கள் வட்டாரத்தில் ஒரு தெருவில் மோட்டார் பழுதானபோது, "நீங்கதான் எங்களுக்குப் போடலையே" என்று ஒருவர் பதில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அது அநியாயம். பல பூத்களின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

அதனால் அந்த வேலையை நீங்களே செய்துவிடுங்கள். படிவம் பொதுவில்தான் இருக்கிறது, ஆனால் தெருப் பெயரோடு பொருத்திய தாள் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். வெளியே காட்டும்போது பக்கத்து பூத்கள் நாலைந்தைச் சேர்த்துக் கூட்டி, அந்த மொத்தத்தை மட்டும் கொடுங்கள். காலனி பூத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டு யார் வந்தாலும் கொடுக்காதீர்கள்.