டெப்ட் இல்லை, டெட்

கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நடுவே ஒரு 'பி' இருப்பதால் பலரும் அதை 'டெப்ட்' என்கிறார்கள், சரியான உச்சரிப்பு 'டெட்', அதாவது நெட், செட் மாதிரி. கடன்பட்டவர் 'டெட்டர்'.

அந்த 'பி' வந்த கதைதான் சுவாரசியம். பழைய பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இல்லாமலேதான் எழுதினார்கள், அப்புறம் லத்தீன் படித்த அறிஞர்கள் 'டெபிடும்' என்ற மூலச் சொல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று எழுத்தில் மட்டும் அதைச் செருகிவிட்டார்கள், பேச்சு மாறவே இல்லை. டெபிட் கார்டில் உள்ள 'டெபிட்' அதே வேரிலிருந்து வந்ததுதான், அங்கே மட்டும் 'பி' நன்றாகவே ஒலிக்கும். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்'டிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது, அங்கேயும் 'பி'யை விட்டுவிட்டு 'அவுட்' போலச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.