பழைய பிஎம்டபிள்யூ வாங்கிய முதல் மாதம்: செய்யக்கூடாத தவறுகள்

செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-ல் பிஎம்டபிள்யூ தொடங்கிய ஆலையில் அசெம்பிள் செய்த 3 சீரிஸ் செடான்கள் இன்று பழைய கார் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதிலும் 2012 முதல் 2015 வரை வந்த எஃப்30 தலைமுறை டீசல் மாடலான 320டி-க்குத்தான் கேட்பு அதிகம். புதிதில் ஆன்-ரோடு 30 லட்சத்தைத் தாண்டிய வண்டி, இப்போது ஒரு புது ஹேட்ச்பேக் வாங்கும் பணத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவே இல்லை. இதை மறந்துவிட்டு முதல் மாதச் செலவை அலாய் வீலிலும் வண்டிக்கு மேல் ஒட்டும் கலர் ஃபிலிமிலும் போடுகிறவர்கள்தான், ஆறு மாதம் கழித்து ‘ஜெர்மன் வண்டியே வேண்டாம்’ என்று நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் தவறு வண்டியில் இருப்பதில்லை. கையிலிருந்த பணம் முதலில் எங்கே போனது என்பதில்தான் இருக்கிறது.

‘இப்பத்தான் சார் சர்வீஸ் பண்ணினது’

விற்பவர் சொல்லும் இந்த வார்த்தையை நம்பி அப்படியே ஓட்ட ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. டிஸ்ப்ளேயில் அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 20,000 கிலோமீட்டர் இருப்பதாகக் காட்டலாம். அது ஆதாரம் ஆகாது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தே அந்தக் கணக்கை ரீசெட் செய்துவிட முடியும். ஒரு சொட்டு ஆயில்கூட மாற்ற வேண்டியதில்லை. தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் பெயர் மூன்றும் இருக்கும் பில் கையில் இருந்தால் அந்த வேலை நடந்தது. பில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு எல்லாத் திரவங்களையும் ஃபில்டர்களையும் புதிதாகத் தொடங்குங்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் ஷோரூம் சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்ல முடியும். வாங்கியவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

இங்கே இரண்டு வகை வண்டிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, அங்கிருந்து குறைந்த விலைக்கு வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. அவற்றின் சர்வீஸ் சரித்திரம் இங்கே இருக்கும் மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. இன்னொன்று, வெள்ளம் பார்த்த வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்பதைப் பார்த்தோம். கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பான்ஜைத் தொட்டுப் பாருங்கள். சீட் ரெயிலின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டிக்கியில் பேட்டரி உட்காரும் குழியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரையோடு ஓடும் வயரிங்கில் ஈரம் இறங்கியிருந்தால் அதன் வலி ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வாங்காமல் ஃபால்ட் கோடுகளை அழிப்பது

வாரண்டி இல்லாத வண்டியில் முதல் செலவு முழு ஸ்கேனாக இருக்கட்டும். வண்டியில் செருகிப் பார்க்கும் சாதாரண ஓபிடி ரீடர், இன்ஜினில் பதிவான சில ஃபால்ட் கோடுகளை (பிழைக் குறியீடுகளை) மட்டும் காட்டும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லா மாட்யூலையும் (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரையும்) படிக்கும் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். சில மாட்யூல்களில் தனியாகக் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். மீட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் ஸ்கேனரைச் செருகியதும் ‘கிளியர் பண்ணிடலாம் சார்’ என்று அழித்துவிடுகிறார்கள். எந்தக் கோடு, எந்தக் கிலோமீட்டரில், எத்தனை முறை வந்தது என்ற தகவல் அதோடு போய்விடும். அதுதான் உங்கள் வண்டி தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரே உண்மையான வாக்குமூலம். ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்ட பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.

ஆயில்: பிராண்டை மட்டும் பார்ப்பது

ஆயிலின் அடர்த்தியைச் சொல்லும் 5டபிள்யூ-30 என்ற எண் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது பரவலான தவறு. இந்த டீசல் இன்ஜினுக்கு டப்பாவின் பின்பக்கத்தில் பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 அப்ரூவல் அச்சடித்திருக்க வேண்டும். எந்த பிராண்ட் என்பது அதற்குப் பிறகுதான். ஆயில் மாற்றக் கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளி ஐரோப்பிய நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பொருந்தலாம். சென்னை கத்திப்பாரா நெரிசலில் தினமும் ஊர்ந்து போகும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் என் கணக்கு.

2012-15 320டி-யில் இருப்பது என்47 இன்ஜின். அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதனால் செயின் தேய்ந்தால் வேலை மிகப் பெரியது. 2011-க்கு முந்தைய என்47-களில்தான் இந்தப் புகார் அதிகம் வந்தது. இருந்தாலும் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானட்டைத் திறந்து, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) பக்கம் காதை வையுங்கள். இரும்பு உரசுவது போன்ற சத்தம் வந்தால் மற்ற எல்லாச் செலவையும் நிறுத்திவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும். முதல் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போட விடாதீர்கள். மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் செயினைத் தாங்கும் கைடு உடையத் தொடங்கியிருக்கலாம். உலோகப் பொடி மின்னினால் வேறு ஏதோ தேய்கிறது.

‘கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம் சார், தொட வேண்டாம்’

நல்ல வண்டிகளைக் கொன்ற வாக்கியம் இது. எஃப்30 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டி. ஆயில் ஆயுள் முழுக்க வரும் என்று கார் கம்பெனி சொல்கிறது. பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. இன்று நீங்கள் வாங்கும் எந்த 2013 மாடலும் இரண்டில் ஒரு கணக்கையாவது கடந்திருக்கும். ஆகவே பில் இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் விதத்தில்தான் அடுத்த தவறு நடக்கிறது. இந்தப் பெட்டியில் ஃபில்டர் தனியாக வராது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு (ஆயில் தட்டோடு) சேர்ந்தே இருக்கும். பேன், ஃபில்டர், கேஸ்கட் எல்லாம் ஒரே பாகம். ‘ஆயிலை மட்டும் இறக்கி ஏத்திடலாம்’ என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அளவு பார்க்கும் முறையும் வேறு. இதில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே, சுமார் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய இழையாக வழியும் வரை ஊற்ற வேண்டும். சூடான பெட்டியில் அளவு பார்த்து மூடினால் ஆயில் குறைவாகவே நின்றுவிடும். ஒரு லிட்டர் குறைந்தாலும் கிளட்ச் பிளேட்டுகள் எரியத் தொடங்கும். மெக்கானிக்கிடம் ‘எந்தச் சூட்டில் லெவல் பார்ப்பீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு இந்த வேலை தெரியுமா என்பது புரிந்துவிடும்.

ஏற்கெனவே கியர் வழுக்கும், உதறும் பெட்டிக்கு ஆயில் மாற்றுவது மருந்து ஆகாது. அப்படிப்பட்ட வண்டியில் முதலில் ஸ்கேன், பிறகு டயக்னோசிஸ், அதன் பிறகுதான் ஆயில்.

கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீர்

‘சென்னையில் என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் கூலன்ட் உயர்த்துகிறது. அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பிஎம்டபிள்யூ அப்ரூவல் உள்ள கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இதில் சமரசமே கூடாது. முதல் மாதத்தில் பழையதை முழுக்க இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, புதிதாக நிரப்புங்கள்.

அதோடு, பத்து வருடம் சூடு தின்ற எக்ஸ்பான்ஷன் டேங்க், ஹோஸ்களின் பிளாஸ்டிக் முனைகள், தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிஸ்கட் போல உதிரும் நிலைக்கு வந்திருக்கும். ஒழுகட்டும், பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பவர்கள் விழுப்புரம் தாண்டி இருட்டில் ஸ்டீம் பறக்க நிற்க வேண்டியிருக்கும். அலுமினிய ஹெட் ஒரு முறை அதிகச் சூடானால் வளைந்துவிடும். ஹோஸின் விலையையும் ஹெட் வேலையின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை முன்கூட்டிச் செய்வது என்பதில் குழப்பமே வராது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால் இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சந்தேகியுங்கள். உள்ளே கசியும் கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொள்ளலாம். 2018-ல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து எரிந்ததும், பிறகு உலகளவில் சுமார் 16 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் இதனால்தான். உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்யும்) வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. பானட்டைத் திறந்து டேங்கின் மூடியைக் கழற்றிப் பார்ப்பது இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான்.

பேட்டரி

முனைக் கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியை மாட்டிவிட்டு வருவதால் எவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் குழப்பம் வருகிறது என்று சொல்லி மாளாது. ஏஜிஎம் (கண்ணாடி இழைப் பஞ்சில் ஆசிட்டை வைத்திருக்கும் வகை) பேட்டரி இருந்த இடத்தில் ஏஜிஎம்-தான். மாட்டியதும் ஸ்கேனர் மூலம் புது பேட்டரி வந்திருப்பதை வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய, களைத்த பேட்டரிக்குக் கொடுத்த அளவிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், வாயு வெளியேறும் சின்னக் குழாயைத் திரும்பச் செருகியிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். ஜம்ப் ஸ்டார்ட் வேண்டுமானால் பானட்டுக்குள் இருக்கும் முனையில் கொடுக்க வேண்டும்.

சின்னதாகத் தெரியும் சில

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாங்கியதும் ஒரு முறை. டயரில் பட்டன் (தரையில் படும் மேடு) மிச்சம் இருக்கிறது என்பது போதாது, அதன் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் தயாரான வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கும்: 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம். நிறைய வண்டிகளில் இருப்பது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர். அதைச் சாதாரண டயருக்கு மாற்றினால் ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டோ இல்லாமல் வெளியூர் போகக்கூடாது. கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்கள்) கிழிந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்வது பணத்தைத் தெருவில் போடுவது. முதலில் புஷ், இரண்டு பக்கமும் சேர்த்து, பிறகு அலைன்மென்ட். ஜாக்கை அடியிலுள்ள ரப்பர் பேடில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்பேர்ஸ் வாங்கும்போது

‘320டி, 2013 மாடல்’ என்று சொல்லிப் பாகம் வாங்காதீர்கள். ஒரே வருடத்தில் மாதம் மாறினால் பாகமும் மாறும். சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பர் கையில் இருந்தால், கார் கம்பெனி பெட்டியில் வரும் அதே தரத்தில் மான், மாலே, லெம்ஃபோர்டர், சாக்ஸ் பிராண்ட் பெட்டிகளில் வரும் பாகத்தை சென்னை ஜிபி ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரிக்கலாம். பல பாகங்களுக்குக் கணிசமாகக் குறையும். போலிகளும் சுற்றுகின்றன. அதனால் பில் தராத கடையில் ஃபில்டர்கூட வாங்க வேண்டாம். பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, சீட் வாங்குவதில் தவறில்லை. ஹோஸ், வாட்டர் பம்ப், புஷ், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள். ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி) குதிரைத்திறனைக் கூட்டும் ஆசை இருந்தால், மேலே சொன்ன திரவங்கள் மாற்றி 5,000 கிலோமீட்டர் ஓட்டி, கூலன்ட் அளவு இறங்காமலும் ஸ்கேனில் புதுக் கோடு இல்லாமலும் இருப்பதைப் பார்த்த பிறகு யோசியுங்கள்.