பூட்டிக் ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் செயின் ஹோட்டல் சலித்துப்போய், கொஞ்சம் தனித்தன்மை உள்ள சின்ன இடமாகப் பார்க்கலாமே என்று பூட்டிக் ஹோட்டல் பக்கம் வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஹோட்டலை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அறையைக் கோட்டை விடுவதுதான். செயின் ஹோட்டலில் 304-ம் 504-ம் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. பல இடங்களில் பழைய வீடு, வங்கி, கிடங்கு என்று எதையோ மாற்றிக் கட்டியிருப்பார்கள், சுவரை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, அதனால் ஒரே வாடகைக்கு ஒருவருக்கு உயரமான ஜன்னலும் இன்னொருவருக்குக் கூரை சாய்ந்து தலையில் இடிக்கும் மூலையும் கிடைக்கும்.

படத்தை நம்பாதீர்கள். வைட் ஆங்கிள் லென்ஸ் அலமாரியைக்கூட அரங்கமாகக் காட்டும். பரப்பளவைப் பாருங்கள். 12 சதுர மீட்டர் என்றால் சுமார் 130 சதுர அடி, அதில் இருவர் படுக்கும் கட்டிலுக்கே ஏறக்குறைய 35 போய்விடும், இரண்டு பெரிய பெட்டிகளை விரித்து வைத்தால் அப்புறம் நடக்க வழியிருக்காது.

அடுத்தது சத்தம். இந்த வகை ஹோட்டலுக்குப் பெயர் வாங்கித் தந்த இடங்களில் ஒன்று, 1984-ல் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ். அதைத் தொடங்கிய இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெல்லும் அதற்கு முன் ஸ்டூடியோ 54 என்ற நைட் கிளப் நடத்தியவர்கள். வரவேற்பறையும் பாரும் வெளியாட்களும் கூடிக் களிக்கும் இடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஹோட்டல்களின் ரத்தத்திலேயே உண்டு. நான் ஒருமுறை மொட்டை மாடி பாருக்கு நேர் கீழே அறை எடுத்து, சனிக்கிழமை இரவு முழுக்க நாற்காலி இழுக்கும் ஓசையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் ஜன்னலை மாற்றவும் அனுமதி எளிதில் கிடைக்காது, தெருச் சத்தம் அப்படியே உள்ளே வரும். தூக்கம் முக்கியம் என்றால் உள்முற்றம் பார்த்த அறையைக் கேளுங்கள், காட்சி போனால் போகட்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஆப்பில் 'சிறப்புக் கோரிக்கை' என்ற கட்டத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறுதான், அது வெறும் விருப்பம், வாக்குறுதி கிடையாது. ஹோட்டலுக்கே மெயில் போடுங்கள். சின்ன இடம் என்பதால் பெரும்பாலும் அறை ஒதுக்குகிறவரே அதைப் படிப்பார். லிஃப்ட் இருக்கிறதா, எந்த மாடி, கட்டில் இரண்டா ஒன்றா, இரவு 12 மணிக்கு மேல் வந்தால் கதவைத் திறக்க ஆள் உண்டா அல்லது கதவுக்கான எண்ணை அனுப்புவார்களா என்று கேட்டுவிடுங்கள். மாடி விஷயத்தில் ஒரு சிக்கல்: அமெரிக்காவில் தரைத்தளமே முதல் மாடி, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இந்த ஒரு மாடி வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும்.

குளியலறையையும் விட்டுவிடாதீர்கள். அழகு என்று கண்ணாடிச் சுவர் வைத்திருப்பார்கள், சில இடங்களில் கதவே இருக்காது, தொட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். தேனிலவுக்குச் சரி. அப்பாவோடு போனால்?

பணத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்ததும் டெபாசிட்டாக ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே சில நாள் முடங்கிவிடும், அதனால் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறை பிடிக்கவில்லையென்றால், சங்கடப்பட்டு ஒரு இரவு ஓட்டிவிட்டுக் காலையில் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கீழே போய், வேறு அறை ஏதாவது காலியாக இருக்கிறதா, ஒருமுறை பார்க்கலாமா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வருவார்கள்.