நியூரோசயின்ஸ் புதுசா படிக்கிறீங்களா? பம்ப்புக்கு கிரெடிட் குடுக்காதீங்க

மெடிக்கல், பிசியோதெரபி, எம்எஸ்சி, இப்போ புதுசா ஏஐ படிச்சிட்டு மூளைப் பக்கம் எட்டிப் பார்க்குற பசங்கன்னு எல்லாருக்கும் அடிப்படை சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். பேட்ச் மாறுது, தப்பு மட்டும் மாற மாட்டேங்குது, எல்லாம் நாங்க படிக்கிறப்போ விழுந்த அதே குழிங்கதான். மூளைல பத்து பர்சன்ட்தான் யூஸ் பண்றோம், லெஃப்ட் பிரெயின் ரைட் பிரெயின் கதையெல்லாம் இங்க எழுதல. இதைப் படிக்க வந்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.

ஆக்‌ஷன் பொட்டென்ஷியலை மனப்பாடம் பண்றது

இன்னிக்கும் எனக்கு கடுப்பாகுறது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். நியூரான், அதாவது நரம்பு செல், ஃபயர் ஆகுறப்போ அதோட வோல்டேஜ் சட்டுனு ஏறி இறங்குதுல்ல, அதுதான் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல், சுருக்கமா ஸ்பைக். போன வாரம் ஒரு தம்பி நோட்டைக் காட்டினான். சோடியம் சிவப்பு, பொட்டாசியம் பச்சை, கிராஃப் ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்கான், மைனஸ் 70 மில்லிவோல்ட்ல ஆரம்பிச்சு பிளஸ் 30 வரை ஏறி இறங்குது, எக்ஸாம்ல ஃபுல் மார்க் வாங்குற படம். சரி தம்பி, பம்ப்பை முடக்குற ஓவபெயின்னு ஒரு மருந்தை ஊத்தி, செல் சவ்வுல இருக்குற சோடியம் பொட்டாசியம் பம்ப்பை இப்பவே நிறுத்திட்டேன்னு வெச்சுக்கோ, இந்த நியூரான் இன்னொரு தடவை ஃபயர் ஆகுமான்னு கேட்டேன். "ஆகாதுண்ணா, பம்ப்தானே திரும்ப மைனஸ் 70க்குக் கொண்டு வருது"ன்னான், ஒரு செகண்ட்கூட யோசிக்கல.

ஆகும். பெரிய ஆக்ஸானா (நியூரானோட நீள வால்) இருந்தா ஆயிரக்கணக்கான தடவை ஆகும். வோல்டேஜ் கீழ இறங்குறது சோடியம் சேனல் (செல் சவ்வுல அயான், அதாவது சார்ஜ் உள்ள அணு, போற வாசல்) தானா இன்ஆக்டிவேட் ஆகுறதாலயும், பொட்டாசியம் சேனல் திறந்து பொட்டாசியம் வெளிய ஓடுறதாலயும்தான். அந்த ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல பம்ப்புக்கு வேலையே இல்ல. 1955லயே ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் கணவாயோட ராட்சச ஆக்ஸான்ல டைநைட்ரோஃபீனால் போட்டு பம்ப்பை முடக்கிப் பார்த்துட்டாங்க, சோடியம் வெளியேறுறது படுத்துருச்சு, இம்பல்ஸ் பாட்டுக்கு போய்க்கிட்டே இருந்துச்சு. மாடி டேங்க்ல தண்ணி ஏத்துறதுதான் மோட்டார் வேலை, கரன்ட் போனாலும் டேங்க் காலியாகுற வரைக்கும் குழாய்ல தண்ணி வரும்ல, அவ்வளவுதான் விஷயம். மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுத்து கிரேடியன்ட்டை, அதாவது உள்ளயும் வெளியயும் இருக்குற அளவு வித்தியாசத்தை, காப்பாத்துறது பம்ப். ஸ்பைக்கை ஓட்டுறது அந்த கிரேடியன்ட்.

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. ஒரு அயான் எந்த வோல்டேஜ்ல பேலன்ஸ் ஆகும்னு சொல்ற நெர்ன்ஸ்ட் ஈக்வேஷனை கையால ஒரு தடவை போட்டுப் பாருங்க. பொட்டாசியம் உள்ள 140, வெளிய 4 மில்லிமோலார், உடம்புச் சூட்டுல மைனஸ் 95 மில்லிவோல்ட் வரும். இப்போ வெளிய இருக்குற 4ஐ மட்டும் 8 ஆக்குங்க, மைனஸ் 76 ஆயிரும். ரெஸ்டிங் பொட்டென்ஷியலும் (செல் சும்மா இருக்குறப்போ உள்ள வோல்டேஜ்) அது பின்னாடியே மேல ஏறும், முதல்ல செல் சட்டுனு ஃபயர் ஆகுற மாதிரி இருக்கும், இன்னும் ஏறினா சோடியம் சேனல் இன்ஆக்டிவேட் ஆனது ஆனபடியே கிடக்கும், இதயத்துல இது நடந்தா ஆள் காலி. வார்டுல பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நேரா நரம்புல ஏத்தவே கூடாது, டிரிப்ல கலந்து மெதுவாத்தான் விடணும்னு கத்துகிட்ட ஒரு நர்சிங் பொண்ணு, இந்தக் கணக்கைப் போட்டதும் "இதுக்குத்தானா சார் அவ்வளவு திட்டினாங்க"ன்னு கேட்டுச்சு.

மனப்பாடக் கோஷ்டி அடுத்து மாட்டுறது காபாங்குற மூளை கெமிக்கல்ல. காபான்னா இன்ஹிபிட்டரி, அதாவது அடக்குறதுன்னு எழுதி அண்டர்லைன் பண்ணிருப்பாங்க. வளர்ச்சி முடியாத நியூரான்ல உள்ள குளோரைடு ஜாஸ்தி, அதை வெளியேத்துற கேசிசி2ங்குற புரதம் இன்னும் போதுமான அளவு வரல, அதனால அதே காபா சேனல் திறந்தா குளோரைடு வெளிய போய் செல் டிபோலரைஸ் ஆகும், வோல்டேஜ் மேல ஏறும். சேனல் திறக்கும், அவ்வளவுதான், எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றது கிரேடியன்ட். இது புரியாம சைனாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கிற இடம்), வலிப்பு, அனஸ்தீசியான்னு எங்க போனாலும் புதுசா ஒரு லிஸ்ட் மனப்பாடம் பண்ணணும். நம்பரை மாத்தி, வோல்டேஜ் ஏறுமா இறங்குமான்னு முதல்ல வாயால சொல்லிட்டு, அப்புறம் கால்குலேட்டரை எடுங்க.

டோபமைன்னா சந்தோஷமாம்

டோபமைன்னா சந்தோஷ கெமிக்கல்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. பார்க்கின்சன்ஸ்ல டோபமைன் செல்தான் சாகுது, கெட்டுப்போறது அசைவு, பேஷன்ட்டோட கையையும் நடையையும் பாருங்க, ரீல்ஸ் பார்க்காதீங்க.

கலர் கலரா எரியுற எஃப்எம்ஆர்ஐ

எஃப்எம்ஆர்ஐங்குற மூளை ஸ்கேன்ல தெரியுற அந்த ஆரஞ்சு கலர் நியூரான் ஃபயர் ஆகுறது இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறது, அதுவும் உச்சத்துக்கு வர அஞ்சாறு செகண்ட் ஆகும். நியூரான் பேசுறது மில்லிசெகண்ட்ல. 2009ல கிரெய்க் பென்னட் டீம் செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனர்ல வெச்சு, மனுஷங்க ஃபோட்டோவெல்லாம் "காட்டி", இவங்க என்ன ஃபீல் பண்றாங்கன்னு மீன்கிட்ட கேட்டாங்க. மூளைல ஆக்டிவிட்டி தெரிஞ்சுச்சு. ஆயிரக்கணக்கான வாக்ஸலை (ஸ்கேனோட குட்டிக் குட்டிக் கட்டம்) டெஸ்ட் பண்ணா சும்மாவே சிலது எரியும், அதுக்கான கரெக்‌ஷன் போட்டதும் எல்லாம் காணாமப் போச்சு. 2012ல இதுக்கு இக் நோபல் குடுத்தாங்க. "காதல் மூளைல இந்த இடத்துலதான்"னு நியூஸ் வர்றப்போ மீனை நெனச்சுக்கோங்க.

கிளியா பத்து மடங்கு

நியூரானை விட கிளியா (நியூரானுக்குத் துணையா இருக்குற செல்) பத்து மடங்குன்னு சொல்றது பழைய கணக்கு. நியூரான் சுமார் 8600 கோடி, மத்த செல்லும் ஏறக்குறைய அவ்வளவே.

அட்லஸ் படத்தை மட்டுமே பார்த்து அனாட்டமி

வெட்டின படத்தையே பார்த்துட்டு இருந்தா தலாமஸ் எதுக்குக் கீழ இருக்குன்னு கடைசி வரைக்கும் பிடிபடாது. கறிக்கடைல ஆட்டுத் தலையை நீளவாக்குல ரெண்டாப் பொளந்துதான் தருவாங்க, அனாட்டமி ஹால்ல காட்டுற அதே வெட்டு. கத்தி சரியா நடுவுல இறங்கியிருந்தா மேல வளைஞ்சு போற வெள்ளைப் பட்டை கார்பஸ் கலோசம், அதுக்குக் கீழ தலாமஸ், பின்னாடி செரிபெல்லத்துக்குள்ள வெள்ளை கிளை கிளையாப் பிரியும், முன்னாடி மோப்பத்துக்கான ஆல்ஃபேக்டரி பல்ப் நம்மளது மாதிரி இத்துனூண்டு இல்லாம நல்லா பெருசா இருக்கும். கிளவுஸ் போட்டுக்கோங்க, அழுத்தினா குழைஞ்சிடும். வீட்ல சொல்லிட்டு வாங்குங்க, இல்லன்னா மிளகு போட்டு வறுத்துடுவாங்க. மனுஷ மூளை செக்‌ஷன் வேணும்னா ஐஐடி மெட்ராஸ் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024ல வெளியிட்ட தரணி அட்லஸ் இலவசமா இருக்கு, ஆனா அது கருவுல இருக்குற குழந்தை மூளை, பெரியவங்க மூளைன்னு நெனச்சு குழம்பாதீங்க.

தடிப் புத்தகத்தை முதல் பக்கத்துலேர்ந்து

வேணாம். முட்டில தட்டினா கால் ஏன் உதைக்குதுன்னு ஒரே ஒரு சர்க்யூட்டை எடுங்க: குவாட்ரிசெப்ஸ் (முன் தொடைத் தசை) பக்கம் நேரா ஒரு சைனாப்ஸ், ஹாம்ஸ்ட்ரிங்கை (பின் தொடைத் தசை) அடக்குற பக்கம் நடுவுல ஒரு இன்டர்நியூரான். ஒவ்வொரு இடத்துலயும் எந்த அயான் எந்தப் பக்கம் போகுதுன்னு எழுதிட்டு அடுத்த சாப்டரைத் தொடுங்க.