மவுஸ் யார் கையில்? கணினி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கும் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை வந்துவிட்டது. அதோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கணினிக் கல்வி சமமாகக் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. லேபுக்குள் போனதும் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தால், வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பையன்தான் டைப் அடிப்பான். "நீ நோட்டுல எழுதிக்கோ" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லிவிடுவான். அவள் ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும். ஆனால் திரையில் ஒரு எர்ரர் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றி உட்கார வையுங்கள். முந்துகிற பையன் வாயால் சொல்லலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. கொஞ்சம் முணுமுணுப்பான், பரவாயில்லை.

ஆங்கிலம் தடுமாறினால் லாஜிக்கும் வராது என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று புரோகிராம் எழுதும் மொழிகளைப் படிக்கிறார்கள். அவற்றின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான், மாற்ற முடியாது. விளக்கத்தைத் தமிழில் சொல்ல யார் தடுத்தார்கள்? முக்கூடல் பக்கம் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, சரியில்லாததைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பணம். இஃப் (நிபந்தனை பார்ப்பது), லூப் (திரும்பத் திரும்பச் செய்வது) இரண்டையும் சொல்லித்தர இந்தக் கணக்கே போதும். சின்ன வகுப்புகளுக்கு, கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச் இருக்கிறது.

அப்புறம், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ என்கிற பிள்ளை அதில் இருக்க முடியாது. வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறோம். பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். வீட்டுப்பாடமும் கணினி இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்கட்டும். புரோகிராமை வரி வரியாகத் தாளில் ஓட்டி விடை எழுதச் சொல்லலாம்.

பார்வையற்றோருக்கான பழைய பள்ளி இருக்கும் பாளையங்கோட்டையைச் சுற்றிக்கூட, "பார்வையில்லாத பிள்ளைக்கு பிராக்டிகல் எதற்கு, தியரி போதுமே" என்பவர்கள் உண்டு. திரையில் இருப்பதை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம். பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளி முக்கியம் அல்லவா? அதையும் குரலிலோ ஒலியிலோ சொல்லும்படி அதில் அமைக்கலாம். ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.