தீவனப் பைத் துணி: அந்த நூலை இழுக்கும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் வட்டார நூலகத்தில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு ஓசூர்ப் பெண் ஒருத்தி பழைய தீவனப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டு ஆறு மாதம். கோழித்தீவனம் வந்த பருத்திப் பை அது. ஒரு காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீட்டுப் பெண்கள் இப்படிப்பட்ட பைகளைப் பிரித்து உடையும் போர்வையும் தைத்தார்கள். வெளிர்பச்சைத் தரையில் சிவப்புச் செர்ரிப் பழங்கள். நான் இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டுத் திரும்புவதற்குள், "அக்கா, நம்மூர் அரிசி மூட்டை மாதிரியே பிரிகிறது, பாருங்கள்!" என்றாள். ஒரு கையில் விரிந்த துணி. இன்னொரு கையில் சுருள் சுருளாக நூல்.

அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்தது அதைவிட மோசம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நூல் உருண்டை கண்ணைவிட்டு அகலவில்லை. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

அளவு பிசகுவது, ஓரம் கோணலாக வெட்டுவது, நூல் சிக்குவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நான்கு போர்வை தைத்தால் அவை தாமாகச் சரியாகிவிடும். இந்தத் துணிக்கே உரிய தவறுகள் வேறு. அவற்றில் சிலவற்றைத் திருத்தவே முடியாது.

சாக்கு என்று நினைப்பது

தீவன மூட்டை என்றதும் நமக்குச் சணல் கோணிதான் நினைவுக்கு வரும். இவை பருத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மாவும் சர்க்கரையும் மரப் பீப்பாயில்தான் பயணம் செய்தன. தையல் இயந்திரம் வந்து, பாரம் தாங்கும் தையல் போட முடிந்த பிறகே துணிப்பை பீப்பாயின் இடத்தைப் பிடித்தது. அப்போதும் கணக்கு என்னவோ பீப்பாய்க் கணக்குதான். ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. அதில் பாதி 98, கால் 49, அரைக்கால் 24½. பைகளும் அதே எடைகளில் வந்தன. இந்த 49 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கீழே அது திரும்ப வரும்.

நூறு பவுண்டு தீவனப் பையைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதலான துணி கிடைக்கும். பெரியவர் ஒருவருக்கு உடை தைக்க மூன்று பை தேவை. மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். அதனால்தான் பண்ணை வீட்டுப் பெண்கள் கணவரிடம் துணுக்குத் துணியைக் கொடுத்து, இதே பூப் போட்ட பையாகப் பார்த்து எடுத்துவரும்படி தீவனக் கடைக்கு அனுப்பினார்கள். அடுக்கின் அடியில் இருக்கும் பைதான் வேண்டும் என்றால் மேலே இருக்கும் அத்தனை மூட்டைகளையும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

1939 கான்சாஸ் கதையைப் பரப்புவது

ஏழைப் பெண்கள் மாவுப் பையில் குழந்தைகளுக்குச் சட்டை தைப்பதை 1939இல் கான்சாஸ் மாவு ஆலைக்காரர் ஒருவர் பார்த்தாராம். மனம் இளகிப் பூப்போட்ட பைகளைக் கொண்டுவந்தாராம். இந்தச் செய்தி வருடத்துக்கு நான்கு முறையாவது என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அது 1920களிலேயே தொடங்கிவிட்டது, அதுவும் எங்கள் ஊரில். காலியான பையை உடைத்துணியாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு ஏசா பேல்ஸ் என்பவர் 1920களின் நடுவில் காப்புரிமை பெற்று, அதைச் செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலைக்கு எழுதிக்கொடுத்தார். அந்த ஆலையின் 'கிங்கம் கேர்ள்' மாவு கட்டம் போட்ட துணிப்பையில் விற்பனைக்கு வந்தது. வாங்குவது வீட்டுப் பெண். அவளுக்குத் துணி பிடித்தால் நம் மாவை வாங்குவாள் என்ற கணக்கு. இரக்கக் கதையைவிட எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. பெண்களின் கண்ணுக்கும் கைக்கும் ஆலைகள் போட்டியிட்ட வரலாறு அது.

நூலை இழுப்பது, வெந்நீரில் போடுவது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

பையின் தையலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு முகத்தில் நேர்க்கோடு. மறுமுகத்தில் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரியான முனையில் கடைசிக் கண்ணியை விடுவித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் ஓடிவிடும். மறுமுனையிலிருந்து இழுத்தால் அசையாது. பலம் கொடுத்தால் துணிதான் கிழியும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு போராடிய எவருக்கும் இது தெரிந்த சங்கதி.

அந்தக் காலப் பெண்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரே இழுப்பில் பை துணியாகிவிடும். அந்த நூலையும் வீணாக்காமல் உருட்டி வைத்துக் குரோஷா பின்னினார்கள், குவில்ட் கட்டினார்கள். ஆலையின் முத்திரையைப் போக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் வந்த வெள்ளைப் பைகளில் ஆலையின் பெயரும் படமும் துணியிலேயே அச்சாகியிருந்தன. பன்றிக் கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தடவி இரவு முழுவதும் ஊறவைத்து, காரச் சோப்பு போட்டுக் கொதிக்கவைத்துத் துவைத்தார்கள். அப்படியும் போகாத எழுத்துகளை இன்றும் பழைய போர்வைகளின் அடிப்பக்கத்தில் மங்கலாகப் படிக்கலாம். பூப்போட்ட பைகள் பரவியபோது நிறுவனங்கள் இந்தத் தொல்லையையும் நீக்கின. நீரில் கரையும் மை வந்தது. ஊறவைத்தால் உரிந்துவரும் காகிதச் சீட்டு வந்தது.

ஆக, தான் மாவுப் பையாக இருந்ததற்கான அடையாளம் மிஞ்சாமல் போவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் இது. தையல் பிரிய வேண்டும், சீட்டு உரிய வேண்டும், எழுத்து கரைய வேண்டும். அன்றைக்கு அதுதான் அதன் சிறப்பு. எண்பது தொண்ணூறு வருடங்களாகப் பிரிக்கப்படாமல், நனையாமல் தப்பி வந்த ஒரு பை நம் கைக்கு வரும்போது, அந்தச் சிறப்பே அதற்கு ஆபத்தாகிவிடுகிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். தெற்கு இல்லினாயில் ஒரு பண்ணை வீட்டுப் பொருள்களை ஏலம் விட்டபோது நீலத் தரையில் மஞ்சள் பூக்கள் போட்ட மாவுப் பை ஒன்றை நாற்பது டாலருக்கு வாங்கினேன். தையல் பிரியாத முழுப் பை. நடுவில் பழுப்பேறிய காகிதச் சீட்டு. ஆலையின் பெயர், ஊரின் பெயர், எடை எல்லாம் அதில் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் நூலை இழுத்தேன். நூல் ஓடும் அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு பழைய வாடை போகட்டும் என்று துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீரில் போட்டேன். வெளியே எடுத்தபோது துணி அழகாக வெளுத்திருந்தது. சீட்டு மட்டும் சோற்றுப் பருக்கை போல் இயந்திரத்தின் உள்சுவரெங்கும் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்துக் குப்பையில் போட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு வருடம் கழித்து, அந்தத் துணியில் தைத்த போர்வையை எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு மூதாட்டி மடியில் போட்டுத் தடவிப் பார்த்தார். பண்ணையில் வளர்ந்தவர், அப்போது தொண்ணூறு வயது. "இந்தப் பூவில்தான் எங்கள் சமையலறைத் திரை இருந்தது. எந்த ஆலைப் பை இது?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஊரின் பெயரும் நினைவில் இல்லை. எடை 49 என்று இருந்ததா, 50 என்று இருந்ததா? அதுவும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அரசு பைகளின் அளவை 100, 50, 25 என்று முழு எண்களாக ஒழுங்குபடுத்தியது. சீட்டில் 49 என்றிருந்தால் அது அந்த மாற்றத்துக்கு முந்திய பை என்று சொல்ல நல்ல ஆதாரம் இருந்திருக்கும். காலம் சொல்லக்கூடிய ஓர் எண், இடம் சொல்லக்கூடிய ஒரு பெயர் இரண்டையும் நானே கரைத்துவிட்டேன். அந்த மூதாட்டி இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்கு அமெரிக்கா அனுப்பிய நிவாரண மாவின் பைகளை நினைத்துப் பாருங்கள். பெல்ஜியப் பெண்கள் அந்தத் துணியில் பூவேலை செய்தபோது, பல பைகளில் ஆலையின் பெயரை அழிக்காமல் அந்த எழுத்துகள் மேலேயே நூல் ஓட்டினார்கள். நன்றி என்று பின்னித் திருப்பி அனுப்பினார்கள். நிவாரணத்தை நடத்திய ஹெர்பர்ட் ஹூவரின் பெயரில் அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள நூலகத்தில் அவை இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேலாகியும் எந்த ஆலையிலிருந்து வந்த மாவு என்று படிக்க முடிகிறது.

எனவே, தையலும் சீட்டும் உள்ள பை கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். தைப்பதற்கு ஏற்கெனவே பிரித்த துணிகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். முழுப் பையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, நீள அகலம் அளந்து, எங்கே யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி, அமிலமில்லாத காகிதம் சுற்றித் தட்டையாக வையுங்கள். தையல் இருந்து சீட்டு இல்லாத பையைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், இவற்றையெல்லாம் செய்த பிறகு பிரியுங்கள். நூலை எறியாதீர்கள்.

துளை வரிசையை மட்டும் நம்பி வாங்குவது

பிரித்த துணியின் ஓரத்தில் தடித்த ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும். "துளை இருக்கிறது, ஆகவே தீவனப் பை" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. துளை நல்ல தடயம்தான்; ஆனால் அது மட்டும் போதாது. வேறு எதையாவது அதே தையலில் மூட்டியிருந்தாலும் அதே துளைகள் விழும். துளை இல்லை என்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. துளையுள்ள ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தைத்தவர்கள் ஏராளம்.

நெசவு முரடாக இருந்தால்தான் பைத்துணி என்பதும் சரியல்ல. தீவனப் பை சற்று முரடு, மாவுப் பை அதைவிட நெருக்கம், சர்க்கரைப் பை இன்னும் மென்மை. 1930களின் பாணியில் இன்று நெய்து அச்சிடும் துணிகளும் கடைகளில் குவிந்திருக்கின்றன. உறுதியாகத் தெரியாதபோது 'பைத்துணியாக இருக்கலாம்' என்று எழுதி வையுங்கள்.

ப்ளீச்

வேண்டவே வேண்டாம். எழுத்து போவதற்குள் நூல் நைந்துவிடும்.

வெயிலில் காயப்போடுவது

நம் ஊர்ப் பழக்கம். இந்தச் சாயத்துக்கு ஆகாது. நிழலில், தட்டையாக விரித்து.

வறுமையின் துணி என்று மட்டும் எழுதுவது

கண்காட்சியில் தங்கள் போர்வையின் அருகே குறிப்பு எழுதி வைக்கச் சொன்னால், புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் 'பஞ்ச காலத்தில் ஏழைகள் உடுத்திய துணி' என்று எழுதுகிறார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் உண்மை, ஏழ்மையும் உண்மை. ஆனால் அத்துடன் நிறுத்துவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். 1858 முதல் செயின்ட் லூயிஸில் இயங்கிய பீமிஸ் நிறுவனம், பெர்சி கென்ட் நிறுவனம் போன்றவை புதுப்புதுப் பூக்களுக்காக ஓவியர்களை அமர்த்தின. பருத்தித் தொழில் அமைப்புகள் பைத்துணியில் என்னென்ன தைக்கலாம் என்று கையேடுகள் அச்சிட்டு வழங்கின. போர்க்காலத்தில் கடைத்துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பைத்துணியில் தைப்பது நாட்டுக்குச் செய்யும் உதவியாகவே பார்க்கப்பட்டது. 1942இல் முப்பது லட்சம் பெண்களும் குழந்தைகளும் பூப்போட்ட பைத்துணியில் தைத்த உடைகளை அணிந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. பக்கத்துப் பண்ணையோடு பைகளை மாற்றிக்கொண்டார்கள். காலிப் பைகளை விற்றுக் காசு பார்த்தார்கள். போர் முடிந்தபின் காகிதப் பை மலிவாக வந்து இவற்றை ஓரங்கட்டியது. 1960களில் ஏறத்தாழ எல்லாம் முடிந்துவிட்டது.

புதுத் துணியோடு அப்படியே சேர்ப்பது

துவைக்காத பைத்துணி சுருங்கும். அதோடு சேர்த்துத் தைத்த புதுத்துணி அதே அளவு சுருங்காது. முதல் சலவையிலேயே போர்வை கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பிரித்த, சீட்டில்லாத துணியை மட்டும் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நெசவு தளர்வாக இருந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பிறகு வெட்டுங்கள். தையலுக்கு வழக்கமாக விடும் கால் அங்குலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விடுங்கள். தையலை நெருக்கமாகப் போடுங்கள்.

உரம், மருந்து கலந்த விதை வந்த பைகள்

தைக்காதீர்கள். குழந்தைப் போர்வைக்கு நிச்சயமாக வேண்டாம்.

பிரித்த துணியையும் பெட்டியில் பூட்டுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாத் துணியையும் பொத்திப் பொத்தி வைக்கத் தோன்றும். பிரித்து, துவைத்து, சீட்டும் நூலும் போன துணி வேறு. அது தைப்பதற்கென்றே வந்த துணி, வெட்டலாம். ஓசூர்ப் பெண்ணின் செர்ரித் துணியை அடுத்த சனிக்கிழமை வெட்டுகிறோம். அவள் மகளின் கட்டிலுக்கு ஒரு சின்னப் போர்வை. அவள் இழுத்தெடுத்த நூலை ஓர் உறையில் போட்டு, பை எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கியது என்று அதன்மேல் அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். போர்வையின் அடியில், ஒரு மூலையில், அந்த உறை நுழையும் அளவுக்குச் சிறு பை ஒன்று தைக்க வேண்டும்.