டேப்பிங் கருவிக்கு மிடி பிக்கப் பொருத்துவது எப்படி?

தந்தியை மீட்டாமல், இரண்டு கை விரல்களாலும் ஃப்ரெட்டுக்குப் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோட்டுக்குப்) பக்கத்தில் தட்டியே வாசிக்கும் கருவிகளுக்கான விளக்கம் இது. அமெரிக்க கிட்டார் கலைஞர் எம்மெட் சாப்மன் 1969-ல் உருவாக்கிய வாசிப்பு முறைக்காகவே வடிவமைக்கப்பட்டு, 1974 முதல் விற்பனைக்கு வந்த சாப்மன் ஸ்டிக்தான் இவற்றில் பரவலாக அறியப்பட்டது. வார் கிட்டாரும் இதே குடும்பம். உங்கள் கருவி எதுவானாலும் முறை ஒன்றுதான்.

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம். சாதாரண பிக்கப் எல்லாத் தந்திகளின் ஒலியையும் கலந்து ஒரே சிக்னலாகத் தரும். வாசித்த சுரத்தைக் கணினிக்கும், மின்னணு முறையில் ஒலி தரும் சிந்தசைசருக்கும் கட்டளையாக அனுப்பும் மிடி (MIDI) முறைக்கு அது உதவாது. தந்திக்கு ஒரு சுருளாகப் பிரித்துக் கேட்கும் பிக்கப் வேண்டும். அது தரும் தனித்தனி சிக்னல்களை ஒரு கன்வெர்ட்டர் சுருதியாக அடையாளம் கண்டு, மிடி கட்டளையாக மாற்றும். அதன்பின் கருவியில் தட்டினால் புல்லாங்குழல், பியானோ, தம்புரா என்று எது வேண்டுமானாலும் கேட்கலாம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு 11 மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

முதல் முடிவு: மெலடிப் பக்கம் மட்டும்

பத்துத் தந்தி ஸ்டிக்கில் ஐந்து தந்திகள் மெலடிக்கு, ஐந்து பேஸுக்கு (கீழ்ச்சுருதிக்கு). கடைகளில் கிடைக்கும் பிரிப்பு பிக்கப்புகளில் பெரும்பாலானவை கிட்டாருக்காகச் செய்தவை, ஆறு சுருள் கொண்டவை. பத்தையும் பிடிக்க இரண்டு பிக்கப், இரண்டு கன்வெர்ட்டர் தேவைப்படும். தொடக்கத்தில் அந்தச் செலவு வேண்டாம். பணம் ஒருபுறம் இருக்கட்டும், இயற்பியலே பேஸ் பக்கத்துக்கு எதிராக நிற்கிறது.

சுருதியைக் கண்டறியக் கன்வெர்ட்டருக்கு ஒரு முழு அதிர்வாவது தேவை. மெலடியின் முதல் தந்தி, டி சுரம் (293.7 ஹெர்ட்ஸ்), ஓர் அதிர்வை 3.4 மில்லி வினாடியில் முடித்துவிடும். ஐந்தாம் தந்தி, எஃப் ஷார்ப் (92.5 ஹெர்ட்ஸ்), 10.8 மில்லி வினாடி எடுக்கும். 32.7 ஹெர்ட்ஸில் கட்டிய பேஸ் சி தந்திக்கு 30.6 மில்லி வினாடி. அவ்வளவு தாமதத்தைக் காது உடனே பிடித்துவிடும். மெலடிப் பக்கத்தில் நாம் பெரும்பாலும் மேல் ஃப்ரெட்டுகளில்தான் தட்டுகிறோம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இந்தக் கால அளவு பாதியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டிக்கில் மெலடியின் ஐந்தாம் தந்திக்கு அடுத்து இருப்பது கருவியிலேயே தடிமனான அந்த சி தந்திதான். ஆறாம் சுருள் அதன் அடியில் போய் உட்காரும். கன்வெர்ட்டரில் ஆறாம் தந்தியை அணைத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு எளிய வழி, ரோலண்ட் ஜிகே-3 போல வெளியே ஒட்டும் பிக்கப். அதோடு 13 முள் கேபிள் (ஜிகேசி-5 என்றால் 5 மீட்டர்), 13 முள் துளை உள்ள ஜிஆர்-55 அல்லது பாஸ் எஸ்ஒய்-1000 போன்ற, கன்வெர்ட்டர் வேலையைச் செய்யும் ஒரு கருவி. புதிய ஜிகே-5 வகை டிஜிட்டல் சிக்னல் அனுப்புவது. அதன் கேபிளும் வேறு, துளையும் வேறு. இடையில் மாற்றுப் பெட்டி இல்லாமல் பழையதும் புதியதும் சேராது. கரோசல் இணையச் சந்தையில் பழைய பொருள் வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நேரில் பார்க்கும்போது ஆறு சுருள்களும் வேலை செய்கின்றனவா, கேபிளின் முள் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர வெர்னியர் காலிப்பர், மாஸ்கிங் டேப், இருபக்க ஒட்டுநாடா, 0.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் அட்டைகள் சில. ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் சிறு கருவிகள் கிடைக்கும். தந்திகள் எஃகு அல்லது நிக்கல் சுற்றிய எஃகாக இருக்கட்டும். காந்தப் பிக்கப்பில் வெண்கலம் சுற்றிய தந்தியின் சிக்னல் வலுவிழந்துபோகும்.

படி 1: அளவெடுத்தல்

பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஏற்கெனவே உள்ள பிக்கப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, தந்திக்கும் உடலுக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வாங்கப்போகும் பிக்கப்பின் அகலமும் தடிமனும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலிலேயே பதித்து, அதிர்வின் அழுத்தத்தைச் சிக்னலாக்கும் பியெசோ வகை, உதாரணமாக கிராஃப் டெக் கோஸ்ட், ஒரு வழி. ஆனால் உங்கள் பிரிட்ஜுக்கு ஏற்ற சேடில் கிடைக்க வேண்டும், வேலையும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது.

அடுத்து தந்தி இடைவெளி. ஒரு காகிதப் பட்டையைத் தந்திகளுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு தந்திக்கும் நேராகக் கோடு போடுங்கள். அதைப் பிக்கப்பின் சுருள் மையங்களோடு ஒப்பிடுங்கள். ஓரத் தந்திகள் மையத்திலிருந்து 1 மி.மீ. விலகினால் பரவாயில்லை. அதற்குமேல் போனால் பக்கத்துச் சுருளுக்கு ஒலி கசியும்.

தந்திகள் சுருள்களைவிட நெருக்கமாக இருந்தால் பிக்கப்பைச் சாய்த்து வைக்கலாம். சுருள் இடைவெளி 10 மி.மீ., தந்தி இடைவெளி 9.5 மி.மீ. என்றால் சுமார் 18 பாகை சாய்வு போதும். அப்போது ஐந்து தந்திகளின் குறுக்கே ஒரு முனை மற்றதைவிட 12 மி.மீ. அளவுக்குப் பிரிட்ஜை விட்டு விலகும். கீழ்ச்சுருதித் தந்தி உள்ள முனையை விலக்கி, மேல்சுருதி முனையைப் பிரிட்ஜருகே வையுங்கள். தந்தி இடைவெளி 9 மி.மீ.க்கு வந்தாலே சாய்வு 26 பாகையாகிவிடும். அந்த நிலையில் இந்தப் பிக்கப்பைக் கைவிடுவதே மேல்.

படி 2: ஒட்டாமல் சோதித்தல்

நேராக இருபக்க நாடாவுக்குப் போகாதீர்கள். முதலில் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிக்கப் முடிந்தவரை பிரிட்ஜுக்கு அருகில், 20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே 1 மி.மீ. இருக்கட்டும். இரண்டு 0.5 மி.மீ. அட்டைகளை ஒன்றாகச் செருகினால் இந்த அளவு கையில் தெரியும். இடைவெளி அதிகமானால் மெதுவான தட்டுகள் பதியாது. மிகக் குறைந்தால் காந்தம் தந்தியை இழுத்து, சுருதி அலையும்.

முதல் தந்தி முதல் சுருளுக்கு மேல்தான் இருக்கிறதா? கேபிள் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துப் பிக்கப்பைத் திருப்பிவிட்டால் வரிசையும் தலைகீழாகும். பிக்கப் திசையை மெனுவில் மாற்றும் வசதி உள்ள கன்வெர்ட்டர்களும் உண்டு. திருப்பி வைத்தவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

படி 3: ஒட்டுதல், கேபிள்

சோதனை சரியானதும் ஒட்டுமிடத்தை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பூச்சு மட்டும் உள்ள மரமானால் மறைவான ஓரிடத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். குளிரூட்டிய அறையில், மேற்பரப்பு நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அவசரமாக ஒட்டியது சில வாரங்களில் ஓரம் தூக்கும்.

பிக்கப்போடு வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கை நகரும் வழியில் வைக்காதீர்கள். 13 முள் கேபிள் கனமானது. அதை வாரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் இழுபட்டாலும் துளைக்குச் சேதமில்லை. மின்சாரத்தை அணைத்த பிறகே கேபிளைச் சொருகுங்கள். பிக்கப்புக்கான மின்சாரமும் அதன் வழியேதான் வருகிறது.

பெட்டியில் சாதாரண கிட்டார் ஒலிக்கென ஒரு மோனோ துளை இருக்கும். ஸ்டிக்கின் ஸ்டீரியோ வெளியீட்டை மோனோ கேபிளால் அதில் இணைத்தால் ஒரு பக்கத்து ஒலி மின்சுற்றின் தரை இணைப்போடு சேர்ந்து ஊமையாகிவிடும். அந்தத் துளையைக் காலியாக விடுங்கள். கருவியின் சொந்த ஒலி அதற்குரிய ஸ்டீரியோ கேபிளில் தனியே போகட்டும்.

படி 4: தந்தியை அடக்குதல்

கன்வெர்ட்டர் சரியில்லை என்று புலம்புபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தப் படிதான். விரலை எடுக்கும்போது தந்தி வெறுமையாக ஒருகணம் அதிரும். காதுக்கு அது லேசான முனகல். கன்வெர்ட்டருக்கோ அது ஒரு முழுச் சுரம். தட்டி வாசிக்கும் கருவிகளில் தலைப்பக்கம் இதற்கென அடக்கி இருக்கும். இல்லாவிட்டாலோ தேய்ந்திருந்தாலோ, முதல் ஃப்ரெட்டுக்கு முன்னால் தந்திகளின் அடியில் மென்மையான வெல்க்ரோ துண்டு வையுங்கள். மாமா கடையில் (அக்கம்பக்கத்துச் சிறு மளிகைக் கடையில்) விற்கும் துணி சுற்றிய தலைமுடி ரப்பரை அதே இடத்தில் கழுத்தைச் சுற்றி மாட்டினாலும் போதும். வெறும் தந்தியைத் தட்டினால் ‘டப்’ என்று மட்டும் கேட்க வேண்டும், சுரம் கேட்கக் கூடாது.

படி 5: அமைப்புகள்

ஒவ்வொரு தந்தியின் உணர்திறனையும் தனித்தனியாக அமையுங்கள். நீங்கள் தட்டும் மிக வலுவான தட்டுக்கு மீட்டர் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். கிட்டாரில் மீட்டும் வலுவை அளவாகக் கொள்ளாதீர்கள்.

மிடியை மோனோ முறையில், தந்திக்கு ஒரு சேனலாக அனுப்புங்கள். எல்லாம் ஒரே சேனலில் போனால் ஒரு தந்தியை வளைக்கும்போது மற்றத் தந்திகளின் சுரமும் சேர்ந்து வளையும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு அடுத்தது முக்கியம். பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது சுரம் அதிகபட்சம் எவ்வளவு வளையலாம் என்ற அளவு, கன்வெர்ட்டரிலும் சிந்தசைசரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் 12 அரைச்சுரம், சிந்தசைசர் 2 அரைச்சுரம் என்றிருந்தால் உங்கள் கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டிலும் 12 வையுங்கள். சுரங்களை அருகிலுள்ள அரைச்சுரத்துக்கு இழுக்கும் குரோமட்டிக் அமைப்பு இருந்தால் அணையுங்கள். பியானோ ஒலிக்கு மட்டும் அதை இயக்கினால் நன்றாக இருக்கும்.

கணினியில் ஒலி எடுப்பவர்கள் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி வினாடி. 512 என்றால் தாமதம் 10.7 மில்லி வினாடி ஆகிவிடும்.

கோளாறு வந்தால்

ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வந்தால் அடக்கியைப் பாருங்கள், பிறகு அந்தத் தந்தியின் உணர்திறனைச் சற்றுக் குறையுங்கள். ஒரு தந்தியைத் தட்டும்போது பக்கத்துத் தந்தியின் மீட்டரும் ஆடினால் பிக்கப் நகர்ந்திருக்கிறது. காகிதப் பட்டையை மறுபடி வைத்துப் பாருங்கள். எதையும் தொடாதபோதே சுரங்கள் பொழிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், மங்கலாக்கும் விளக்குகளை அணையுங்கள்.

சில வாரங்களுக்குப்பின் மெதுவான தட்டுகள் மட்டும் தவறத் தொடங்கினால் மரம் ஈரத்தில் அசைந்து இடைவெளி மாறியிருக்கும். குளிரூட்டிய அறைக்கும் வெளியறைக்கும் மாறி மாறிப் போகும் கருவிகளில் இது சகஜம். அந்த 1 மி.மீ. அளவைத் தந்தி மாற்றும்போதெல்லாம் சரிபாருங்கள். அதற்கான அட்டைகள் இரண்டையும் பையில் கருவியோடு வைத்திருங்கள்.